எண்பேரெச்சத்தில் இடம்பெறாத பாதம்

புறநானூற்றின் 28-ஆம் பாடல், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடியது. அறம், பொருள், இன்பம் மூன்றையும் மன்னன் கைக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்த வரும் புலவர், அதற்கு முன்னுரையைப் போல மனிதப் பிறவியில் நேரக்கூடிய குறைகளை எட்டாக வகுத்துச் சொல்கிறார். பார்வையின்மை, உருக்கொள்ளாத தசைப்பிண்டம், கூன், குறள் வடிவம், பேச்சின்மை, செவிப்புலனின்மை, விலங்கு வடிவம், அறிவு மயக்கம் ஆகியவை அந்த எட்டு. எண்பேரெச்சம் என்பது இத்தொகுதிக்கு அவர் தரும் பெயர். பிறவிக் குறைகளைப் பெயரிட்டு எண்ணிக்கையும் கொடுத்து வகைப்படுத்தும் பட்டியல்களில், நம் மொழியில் இன்று கிடைக்கும் மிகப் பழையவற்றுள் இது ஒன்று.

இப்பட்டியலில் கால் இல்லை. உள்நோக்கித் திரும்பிய பாதத்தோடு பிறந்த குழந்தைகள் உறையூரிலும் இருந்திருப்பார்கள். ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவில் உலகெங்கும் காணப்படும் குறை அது. பட்டியலில் இடம்பெறாத அந்தக் கால், புலவர்களின் பெயர்களில் இடம்பெற்றிருக்கிறது. ஐயூர் முடவனார் ஒருவர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் இன்னொருவர். பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக் கண்ணியாரின் பெயரையும் இவ்வழியில் பொருள் கொள்வோர் உண்டு. முடம் என்பது அங்கே வளைந்த மாலையைக் குறிக்கிறது என்று மறுப்போரும் உண்டு. முடவனாருக்கும் முடமோசியாருக்கும் கால் எப்போது, எதனால் அப்படியாயிற்று என்பதைச் சொல்ல ஒரு குறிப்பும் இல்லை. பிறவியிலா, நோயிலா, போரிலா என்ற வேறுபாட்டை முடம் என்ற சொல் பொருட்படுத்தவில்லை. அது பாதத்தின் பெயர் அல்ல, ஆளின் பெயர்.

இந்தக் கட்டுரை அந்த வேறுபாட்டைப் பற்றியது. பிறவியில் வளைந்த பாதத்துக்கு இன்றைய மருத்துவ உலகில் ஓர் எண் உண்டு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பகுப்புப் பட்டியலில், 10-ஆம் திருத்தத்தின்படி, அது க்யூ 66. இலக்கிய வாசகருக்கு இது அலுவலகச் சரக்காகத் தோன்றலாம். ஆனால் ஓர் உடற்குறை ஆளின் பெயராக இருப்பதிலிருந்து உறுப்பின் பெயராக மாறுவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது, அந்த மாற்றம் கல்வராயன் மலை போன்ற ஓரிடத்தை எப்படி எட்டுகிறது அல்லது எட்டாமல் போகிறது என்று பார்த்தால், இந்த எண்ணுக்குள் ஒரு நீண்ட வரலாறு இருப்பது தெரியும்.

* * *

நோய்களுக்கு எண்ணிடும் வழக்கம் மரணத்திலிருந்து தொடங்கியது. இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரங்களைத் தொகுத்த வில்லியம் ஃபார், 1839-இல் வெளியான முதல் ஆண்டறிக்கையிலேயே, ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள் வழங்குவதையும் தெளிவற்ற பெயர்கள் பதிவேட்டை நிரப்புவதையும் எடுத்துக்காட்டி, சீரான பெயர்ப்பட்டியல் வேண்டும் என்று வாதிட்டார். 1853-இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் மாநாடு, எல்லா நாடுகளுக்கும் பொதுவான பட்டியல் ஒன்றை உருவாக்கும் பொறுப்பை அவரிடமும் ஜெனீவாவின் மார்க் தெஸ்பினிடமும் ஒப்படைத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1893-இல் சிகாகோவில், பாரிஸ் நகரப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் முன்வைத்த பட்டியல் ஏற்கப்பட்டது. இன்றைய பட்டியல் அதன் வழித்தோன்றல்தான்.

ஆனால் அது இறப்புக் காரணங்களின் பட்டியல். வளைந்த பாதத்தால் எவரும் இறப்பதில்லை. ஆகவே பாதத்துக்கு அங்கே வேலையில்லை; பிறவிக் குறைகள் யாவும் ஒரே தலைப்புக்குள் அடங்கின. கொல்லாத குறை அரசின் கண்ணுக்குத் தெரியாது என்பதே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் விதியாக இருந்தது.

இதற்கிடையே மருத்துவர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அந்தப் பாதம் தெரிந்திருந்தது. ஃபாரின் அறிக்கை வந்த அதே 1839-இல், லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் வளைபாதம் குறித்துத் தனி நூலே வெளியிட்டார். அவருடைய பாதமே வளைந்தது. பிறவியில் அல்ல, குழந்தைப் பருவ நோயில். 1836-இல் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று, குதிகால் நாணைத் தோலுக்கடியில் வெட்டித் தளர்த்தும் சிகிச்சையை ஷ்ட்ரோமயரிடம் செய்துகொண்டு திரும்பியவர் அவர்.

அந்தச் சிகிச்சை ஐரோப்பாவில் பரவிய காலத்தின் மிகக் கசப்பான பதிவு ஒரு நாவலில் இருக்கிறது. ஃப்ளாபேரின் ‘மதாம் பொவாரி’யில் விடுதியின் குதிரைலாயப் பணியாள் இப்போலித், வளைந்த பாதத்தோடு ஊரெங்கும் ஓடியாடி வேலை செய்பவன். மருந்துக்கடைக்காரர் ஓமே புகழாசை காட்டித் தூண்ட, சார்ல் பொவாரி அறுவைக்கு இசைகிறான். எந்த நாணை வெட்டுவது என்று தீர்மானிக்க, பாதம் எந்த வகை என்று அவன் முதலில் அறிய வேண்டும். குதிரைக் குளம்புபோல் முன்கால் மட்டும் ஊன்றும் வகையா, உட்புறம் திரும்பியதா, வெளிப்புறம் திரும்பியதா என்று புத்தகத்தை வைத்துக்கொண்டு அவன் திணறுகிறான். இப்போலித்தின் பாதமோ இரண்டு வகைகளும் கலந்தது. முடிவில் கால் அழுகுகிறது, தொடையளவில் வெட்டப்படுகிறது. 1857-இல் நூலாக வந்த அந்நாவலின் இப்பகுதியை மருத்துவ அகந்தையின் மீதான அங்கதமாகவே நாம் வாசிக்கிறோம். வகைப்படுத்தல் என்னும் செயலின் கனத்தைச் சொல்லும் பகுதியாகவும் அதை வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயர் பிழைத்தால் கத்தி பிழைக்கும்.

* * *

இதே காலத்தில் இங்கே எண்ணப்பட்டது என்ன? 1872 தொடங்கி 1931 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் உடற்குறைகளையும் கேட்டன. ஆனால் நான்கை மட்டும்: மனநோய், பிறவியிலேயே கேளாமையும் பேசாமையும், பார்வையின்மை, தொழுநோய். சாத்தனாரின் எட்டில் இல்லாத கால், பேரரசின் நான்கிலும் இல்லை.

கல்வராயன் மலை அன்று தென்னாற்காடு, சேலம் மாவட்டங்களின் எல்லையில் கிடந்தது. வடபுறம் சராசரி 2700 அடி உயரமுள்ள சின்னக் கல்வராயன், தென்புறம் 4000 அடி உயரமுள்ள பெரிய கல்வராயன். இங்கு வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தை நினைக்க வேண்டாம். இவர்கள் தமிழ் பேசுபவர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகக் கதை சொல்பவர்கள். மலை மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து ஜடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற பட்டப்பெயர் கொண்ட குடும்பங்களின் ஆளுகையில் இருந்தது. 1906-இல் வெளியான டபிள்யூ. ஃபிரான்சிஸின் தென்னாற்காடு மாவட்ட கெஜட்டியர் இம்மலையையும் மக்களையும் விவரிக்கிறது. 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் நூலிலும் மலையாளிகளுக்குத் தனிப் பகுதி உண்டு. தர்ஸ்டன் தென்னிந்திய மக்களின் மூக்கையும் உயரத்தையும் கருவிகொண்டு அளந்தவர். அவர் அளந்தது ஆட்களைச் சாதிகளாகவும் குடிகளாகவும் அடுக்குவதற்கு. எந்தக் குழந்தை எப்படி நடக்கிறது என்று அறிய அல்ல.

ஜாகீர் முறை நாடு விடுதலை பெற்ற பிறகும் நீடித்து, 1976-இல்தான் முடிவுக்கு வந்தது. அதாவது சென்னை மாகாணத்துக்கு 1899-இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும், இந்தியா முழுமைக்கும் 1969-இல் அதே பொருளிலான சட்டமும் வந்துவிட்ட பிறகும், இம்மலையில் அரசு என்பது பெருமளவு இன்னொருவர் வழியாகத் தெரிந்த ஒன்றாகவே இருந்தது. அந்தச் சட்டத்தின் கீழான பிறப்பு அறிக்கைப் படிவமும் நம் கேள்விக்கு உதவாது. அது தந்தையின் தொழிலைக் கேட்கும், தாயின் கல்வியைக் கேட்கும், குழந்தையின் எடையையும் கேட்கும். குழந்தையின் உடலில் குறை உண்டா என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.

விடுதலை பெற்ற இந்தியாவின் கணக்கெடுப்புகள் உடற்குறையைத் திரும்பக் கேட்டது, உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981-இல். அப்போதுதான் பார்வையின்மை, பேச்சின்மை ஆகியவற்றோடு முடமும் எண்ணப்பட்டது. 1991-இல் கேள்வியே கைவிடப்பட்டு, 2001-இல் ஐந்து வகைகளாகவும் 2011-இல் எட்டு வகைகளாகவும் மீண்டது. 2011-இல் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி; அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இயக்கக் குறைபாடு உள்ளவர். எட்டு என்ற எண் திரும்பி வந்தது தற்செயல்தான் என்றாலும், இம்முறை காலுக்கு இடம் இருந்தது. ஆனால் அங்கும் பிறவிப் பாதம், இளம்பிள்ளை வாதம், சாலை விபத்து எல்லாம் ஒரே கட்டத்தில். முடவனார் என்ற பெயர் சொல்லாமல் விட்டதைக் கணக்கெடுப்பும் சொல்லாமல் விட்டது.

* * *

இந்த வேறுபாட்டைச் சொல்லத் தொடங்கியது நோய்ப் பகுப்புப் பட்டியல்தான், அதுவும் படிப்படியாக. 1948-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பொறுப்பேற்று வெளியிட்ட 6-ஆம் திருத்தம், இறப்பு மட்டுமன்றி உயிரோடிருப்போரின் நோய்களையும் எண்ண முற்பட்டது. வளைபாதத்துக்கு 748 என்ற எண் கிடைத்தது அந்தப் பட்டியலில்தான். எனினும் அது வைக்கப்பட்டது பிறவிக் குறைகளின் அத்தியாயத்தில் அல்ல. எலும்பு மற்றும் இயக்க உறுப்புகளின் நோய்களோடு. 1965-இன் 8-ஆம் திருத்தத்தில் அது 754 என்ற எண்ணோடு பிறவிக் குறைகளுக்குள் வந்தது. 1990-இல் உலக நலவாழ்வுப் பேரவை ஏற்ற 10-ஆம் திருத்தம் பிறவிக் குறைகள் அனைத்துக்கும் க்யூ என்ற எழுத்தைக் கொடுத்து, பாதத்துக்கு 66-ஐ ஒதுக்கி, அதைப் பத்தாகப் பிரித்தது.

அந்தப் பத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். 66.0 என்பது நாம் பேசிக்கொண்டிருக்கும் பாதம்: குதிகால் மேலெழும்பி, உள்ளங்கால் உட்புறம் திரும்பி, நடந்தால் பாதத்தின் வெளி விளிம்பிலோ புறங்காலிலோ ஊன்றும் வகை. 66.2-இல் முன்பாதம் மட்டும் உள்வளைந்திருக்கும். அது பெரும்பாலும் தானாகவே சரியாகும். 66.4-இல் பாதம் மேல்நோக்கி மடங்கிக் கணுக்காலைத் தொடும். பார்க்க அச்சமூட்டினாலும் எளிய நீவலில் சீராகிவிடக்கூடியது. 66.5 பிறவித் தட்டைப் பாதம். 66.8 ‘பிற’, 66.9 ‘குறிப்பிடப்படாதது’. நோயால் பின்னர் வளைந்த பாதம் இங்கே வராது. அதற்கு வேறு அத்தியாயத்தில் எம் 21.5. இளம்பிள்ளை வாதத்தின் விளைவுகளுக்கு பி 91.

ஒரு தாய்க்குச் சொல்லவேண்டிய செய்தி ஒவ்வொன்றிலும் வேறு. 66.2 என்றால் பெரும்பாலும் காத்திருக்கலாம். 66.0 என்றால் காத்திருக்கக் கூடாது. இரண்டையும் கோணக்கால் என்று ஒரே சொல்லால் சொல்லும் ஊரில், முதலாவதைப் பார்த்து ஆறுதலடைந்த அனுபவம் இரண்டாவதைக் கெடுத்துவிடும்: போகப் போகச் சரியாகிவிடும் என்பார்கள். இளம்பிள்ளை வாதம் பரவியிருந்த காலத்தில் எல்லாக் காலும் போலியோக் கால்தான். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார். 2014 மார்ச்சில் இப்பகுதி போலியோவற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. அந்த நிழல் விலகிய பிறகு, எஞ்சி நிற்கும் வளைந்த கால்கள் யாருடையவை என்ற கேள்வி இன்னும் தெளிவாக எழுகிறது.

இந்த எண்களுக்குள் ஒரு பொறியும் உண்டு. மருத்துவர் சீட்டில் வெறுமனே ‘கிளப் ஃபுட்’ என்று எழுதினால், 10-ஆம் திருத்தத்தின் விதிப்படி அது 66.0 ஆகாது, ‘பிற’ என்னும் 66.8-இல் விழும். அங்கே அதனுடன் இருப்பவை பிறவியில் வளைந்த கால்விரலும், ஒட்டிப் பிறந்த கணு எலும்புகளும். முழுப்பெயரை எழுதினால் மட்டுமே 66.0. பதிவேட்டுப் பணியாளர் குழந்தையைப் பார்ப்பதில்லை. மருத்துவர் எழுதிய சொல்லைத்தான் பார்க்கிறார். ஒரே குழந்தை, ஒரே பாதம், இரண்டு வெவ்வேறு கணக்குகள். ஒரே நோய்க்குப் பல பெயர் வழங்குவது பற்றி 1839-இல் ஃபார் முறையிட்டது இன்றும் தீர்ந்துவிடவில்லை.

* * *

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், 66.0-க்கு மருந்து உண்டு என்பதால். அது கத்தியல்ல, கைகளும் மாவுக்கட்டும். பிறந்த குழந்தையின் பாதத்தை மெல்ல மெல்ல அழுத்தித் திருப்பிக் கட்டலாம் என்று ஹிப்போக்ரடீஸ் மரபின் நூல்களே சொல்லியிருந்தன. அதை உடற்கூறு அறிவோடு முறைப்படுத்தியவர் இக்னாசியோ பொன்செட்டி. 1914-இல் ஸ்பெயினின் மினோர்கா தீவில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையின் காயங்களுக்குக் கட்டுப்போட்டவர். தோற்ற பின் மெக்சிகோ சென்று, அங்கிருந்து 1941-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் சேர்ந்தவர். அறுவை செய்யப்பட்ட பாதங்கள் வயது ஏற ஏற விறைத்து வலிப்பதைக் கண்ட அவர் 1940-களின் இறுதியில் தம் முறையை உருவாக்கினார். வாரம் ஒரு முறை பாதத்தைக் கையால் சற்றுத் திருப்பி மாவுக்கட்டுப் போட வேண்டும். ஐந்து முதல் எட்டுக் கட்டுகளில் பாதம் திரும்பும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இறுதியில் குதிகால் நாணில் ஒரு சிறு வெட்டு. பிறகு இரு பாதங்களையும் ஒரு சட்டத்தில் இணைக்கும் காலணி: முதல் மூன்று மாதம் ஏறத்தாழ முழுநாளும், அதன்பின் நான்கு வயதளவும் உறங்கும்போது. 1963-இல் அவர் வெளியிட்ட கட்டுரையை உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1990-களின் பிற்பகுதியில், அறுவைக்கு அஞ்சிய பெற்றோர்கள் இணையம் வழியே ஒருவருக்கொருவர் சொல்லித்தான் இம்முறை பரவியது. பொன்செட்டி 2009-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார்.

இந்தியாவில் 2013 பிப்ரவரியில் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்னும் குழந்தைகள் நலத்திட்டம் தொடங்கியது. பிறப்பு முதல் 18 வயது வரை 30 குறைகளைத் தேடிக் கண்டறிவது அதன் வேலை. பிறவிக் குறைகளின் வரிசையில் 4-ஆவதாக நிற்கிறது வளைபாதம். சாத்தனாரின் எட்டிலும் பேரரசின் நான்கிலும் இல்லாத பாதம் கடைசியில் பிறந்த குழந்தைகளுக்கான ஒரு பட்டியலுக்குள் வந்தது இப்போதுதான். மகப்பேறு நடக்கும் இடத்தில் செவிலியரும், பின்னர் அங்கன்வாடியில் ஆண்டுக்கு இருமுறை, பள்ளியில் ஒருமுறை நடமாடும் மருத்துவக் குழுவும் பார்க்க வேண்டும். கண்டறிந்த குழந்தையை மாவட்டத் தலைநகரிலுள்ள இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

மாவட்டத் தலைநகர் என்ற சொல்லில்தான் கல்வராயன் மலையின் கதை மீண்டும் தொடங்குகிறது. மலையின் கீழ்ப்புறத்தாருக்கு 1993 வரை தலைநகர் வங்கக் கடலோரத்துக் கடலூர். 1993 செப்டம்பர் 30 முதல் விழுப்புரம். 2019 நவம்பர் 26-இல்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரி 12-இல் அதன் அரசு மருத்துவக் கல்லூரி, தமிழ்நாட்டின் வேறு பத்துக் கல்லூரிகளோடு திறந்துவைக்கப்பட்டது. நோயாளியைப் பொறுத்தவரை இது வரைபட மாற்றம் மட்டுமல்ல. மாவுக்கட்டு வாரந்தோறும் மாற்ற வேண்டியது. ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் கூலி போகும். கைக்குழந்தையோடு இறங்கி ஏற வேண்டும். வீட்டில் மூத்த பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் கட்டில் பாதம் கண்ணுக்கு ஓரளவு நேராகிவிடும். அப்போது நிறுத்திவிட்டால் மீண்டும் திரும்பிக்கொள்ளும். தலைநகர் ஒவ்வொரு முறை நெருங்கி வந்தபோதும் இந்தக் கணக்கு சற்று இலகுவாகியிருக்கிறது.

இன்னொரு முரணையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் மருத்துவமனைகளில் நோய்க் குறியீட்டு எண் இடப்படுவது பெரும்பாலும் உள்நோயாளிகளின் பதிவேடுகளுக்கே. மாவுக்கட்டு வெளிநோயாளிச் சிகிச்சை. ஆகவே உரிய காலத்தில் வந்து, முறையாகக் கட்டு மாற்றி, நேராக நடந்து போகும் குழந்தை க்யூ 66.0 என்ற எண்ணுக்குள் வராமலே போகலாம். கவனிக்கப்படாமல் வளர்ந்து பெரிய அறுவைக்குப் படுக்கும் சிறுவன் அதற்குள் வருவான். எண்ணிக்கை உயர்வது எப்போதும் குறை உயர்வதைக் காட்டுவதில்லை. எண்ணிக்கை இல்லாதது குறை இல்லாததையும் காட்டுவதில்லை. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 11-ஆம் திருத்தம் எல்லா எண்களையும் மாற்றியமைத்திருக்கிறது. ஆனால் எண்ணை எழுதும் கையின் பழக்கத்தை எந்தத் திருத்தமும் தானாக மாற்றிவிடாது.

பட்டியல்களையும் குறியீடுகளையும் ஐயத்தோடு பார்க்க நமக்குப் போதிய காரணங்கள் உண்டு. மனிதரை எண்ணாகச் சுருக்குகிறது என்பது வழக்கமான குற்றச்சாட்டு. இந்தப் பாதத்தின் வரலாற்றில் நடந்தது அதற்கு மாறானது என்றே நினைக்கிறேன். முடவன், நொண்டி, சப்பாணி என்ற சொற்கள்தான் மனிதரை முழுவதுமாகப் பாதத்துக்குள் சுருக்கின. எண், குறையைப் பாதத்தோடு நிறுத்தி, இன்னது, இத்தனை வாரங்களில் திருத்தக்கூடியது என்று சொல்ல முயல்கிறது. அதைச் சொல்ல வேண்டிய காலம் பிறந்த முதல் சில வாரங்கள். சொல்ல வேண்டியவர், மகப்பேற்று அறையில் துணியை விலக்கிக் குழந்தையின் இரு பாதங்களையும் பார்த்துவிட்டு முழுப்பெயரையும் எழுதும் ஒரு செவிலியர் அல்லது மருத்துவர்.

ஐயூர் முடவனாரைப் பெற்றவர்கள் அவருக்கு இட்ட பெயர் என்ன என்பது நமக்குக் கிடைக்கவில்லை. வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ இந்த ஆண்டு திரும்பிய பாதத்தோடு பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோர் இடும் பெயர் அதனிடமே தங்க வேண்டுமானால், அதற்கு முன் அதன் பாதத்துக்குச் சரியான பெயர் கிடைத்தாக வேண்டும்.